ஈ.கோழி அல்ல, ஈ.கோலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழின் அறிவியல் பக்கத்தில் 'கொலைகாரக் கிருமியின் மரபணு சிக்கியது' என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதில் ஓரிடத்தில் 'ஈ.கோலி' என்பது 'ஈ.கோழி' என்று அச்சாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாட்டி, இது ஈயா, கோழியா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சுப் பிழை யாருக்கும் வரும். முப்பத்தோரு வருடம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் குப்பிக்கும் தட்டுக்கும் லேபிள் எழுதியவள் நான். என் கையெழுத்தால் வந்த குழப்பங்களை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம்.

இந்தக் கடிதம் அந்தப் பிழைக்காக இல்லை, அதற்கு அடுத்த வரிக்காக. 'ஈ.கோலி என்னும் கொடிய பாக்டீரியா உடலுக்குள் புகுந்தால் சிறுநீரகம் செயலிழக்கும்' என்று போட்டிருந்தீர்கள். பையன் முகம் மாறிவிட்டது. "அது நமக்குள்ள இருக்குமா பாட்டி?" என்றான். பொய் சொல்ல எனக்கு வராது. "இருக்கும்டா. இப்பவே உன் குடலில் கோடிக்கணக்கில் இருக்கு" என்றேன். அன்றிரவு இரண்டு முறை எழுந்து வந்து வயிறு வலிக்கிறது என்றான். அந்தப் பயத்தைப் போக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அவனிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஷிகெல்லா என்ற கிருமியைப் பற்றி வரும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஈ.கோலியை முதலில் பிரித்து எடுத்தவர் தியோடர் எஷரிஷ் என்ற குழந்தை மருத்துவர். 1885-இல் அவர் அதைக் கண்டது பச்சைக் குழந்தைகளின் மலத்தில். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கே-12 என்ற ஈ.கோலி வகையும் 1922-இல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் அவருக்கு வந்திருந்தது வேறு நோய், இந்தக் கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கே-12 தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் கைப்பட்டு வளர்ந்த கிருமி, பசுபோலச் சாது. சிறுநீரகத்தைக் கெடுப்பதாக நீங்கள் எழுதியது ஓ157 என்ற வகை. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 2001-இல் ஓ157-இன் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்து, ஏற்கெனவே 1997-இல் படித்து வைத்திருந்த கே-12-உடன் ஒப்பிட்டபோது, கே-12-இல் இல்லாத 1,387 மரபணுக்கள் இதில் இருந்தன. கே-12-இன் மொத்த மரபணுக்களே 4,300-ஐ ஒட்டித்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இதனிடம் கூடுதலாகச் சுமை இருக்கிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சுக்கான மரபணுவும் அந்தச் சுமையில்தான் இருக்கிறது. அது ஈ.கோலியின் சொந்தச் சொத்துகூட இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஃபேஜ் என்ற வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது.

ஆகவே 'ஈ.கோலி கொடியது' என்று எழுதுவது, ஒரு குடும்பப் பெயரைச் சொல்லி அந்தப் பெயர் கொண்ட அத்தனை பேரையும் திருடர் என்பதைப் போன்றது. பேரனுக்கு இதுவரை புரிந்துவிட்டது. அடுத்த கேள்விதான் சரியான கேள்வி: "அந்த 1,387-இல் எது செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

உங்கள் செய்தியில் அதற்கு ஒரு வரி பதில்கூட இல்லை. 'சிக்கியது' என்று மட்டும் இருந்தது. ஏதோ தெருமுனையில் போலீஸ் மடக்கிப் பிடித்த மாதிரி.

பாடப் புத்தகங்களில் இந்தக் கதை ராபர்ட் கோக்கில் ஆரம்பிக்கும். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அவர் காசநோய்க் கிருமியைப் பற்றி அறிவித்தார். ஒரு நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்ல அவர் பெயரால் வழங்கும் விதிகள் இவை: நோயாளியிடம் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும், வளர்த்ததை ஆரோக்கியமான விலங்குக்குள் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும், அந்த விலங்கிடமிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்னை இதை ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தேன். வேலையில் ஊறிய பிறகுதான் தெரிந்தது, இந்த விதிகளுக்கு முதல் சங்கடம் கோக்குக்கே வந்திருக்கிறது என்று. காலராக் கிருமியை எகிப்திலும் கல்கத்தாவிலும் நோயாளிகளிடம் பார்த்தார், வளர்த்தார், விலங்குகளுக்குக் கொடுத்தார். ஒன்றுக்கும் காலரா வரவில்லை. தொழுநோய்க் கிருமி அதைவிடப் பிடிவாதம். 1873-இலேயே ஹான்சன் அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார், ஆனால் இன்றுவரை எந்தத் தட்டிலும் எந்தக் குழாயிலும் அதை யாராலும் வளர்க்க முடியவில்லை.

எனக்குக் கோக்கைவிட அவருடைய உதவியாளர் ஃப்ரீட்ரிஷ் லோஃப்லரைத்தான் பிடிக்கும். ஒருவேளை நானும் இன்னொருவருக்குக் கீழே கைவேலை செய்தவள் என்பதால் இருக்கலாம். 1884-இல் அவர் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமியை வளர்த்துக் கினிப்பன்றிகளுக்குக் குத்தினார். செத்த விலங்குகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் கெட்டுக் கிடக்கின்றன, ஆனால் கிருமி ஊசி குத்திய இடத்தைத் தாண்டி எங்கேயும் இல்லை. போதாக்குறைக்கு, நோயே இல்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே கிருமி. வேறொருவராக இருந்தால் இந்த இரண்டையும் அடிக்குறிப்பில் தள்ளியிருப்பார். லோஃப்லர் இரண்டையும் எழுதி வைத்து, கிருமி இருந்த இடத்திலிருந்தே ஏதோ ஒரு நச்சை அனுப்புகிறது போலும் என்று ஊகித்தார். 1888-இல் பாரிசில் ரூவும் எர்சானும் கிருமி வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத அந்தத் தண்ணீரை விலங்குகளுக்குக் குத்தினார்கள். நோய் வந்தது. அந்த ஆரோக்கியமான குழந்தையின் புதிருக்கு விடை வர இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அடைப்பான் கிருமி எல்லாவற்றுக்கும் நச்சு தயாரிக்கத் தெரியாது, ஒரு ஃபேஜ் வந்து நச்சு மரபணுவைக் கொடுத்தால்தான் தெரியும் என்று 1951-இல் தெரியவந்தது. மேலே ஓ157-க்குச் சொன்ன அதே கதை.

காலரா என்ன ஆனது என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் உங்கள் மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. கோக், பாஸ்டர் என்று வருடம் தவறாமல் படம் போடுகிறீர்கள். சம்புநாத் டே என்ற பெயரை உங்கள் பக்கத்தில் ஒருமுறைகூடப் பார்த்த நினைவு இல்லை.

டே கல்கத்தா மருத்துவர், நோய்க்குறியியல் பேராசிரியர். கோக்கின் நாளிலிருந்து எல்லாரும் காலராவை விலங்குகளுக்கு வாய் வழியாகவோ ரத்தத்திலோ கொடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் 1953-இல் வேறு மாதிரி செய்தார். முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு முனையிலும் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் கிருமி வளர்ந்த திரவத்தைக் கொஞ்சம் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் தண்ணீர் கோத்து, ஊதிய பலூன் மாதிரி விம்மி நிற்கிறது. பக்கத்திலேயே கட்டி, கிருமி போடாமல் விட்ட துண்டு சப்பையாகக் கிடக்கிறது. ஒரே முயல், ஒரே குடல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விடை. இதைவிடச் சுத்தமான சோதனையை நான் படித்ததில்லை. இதற்கு ஒரு கத்தி, ஊசி, பட்டு நூல் போதும்.

1959-இல் அவர் கிருமிகளை வடிகட்டிவிட்டு, வெறும் வடிநீரை மட்டும் அதே போலச் செலுத்தினார். அப்போதும் குடல் விம்மியது. காலரா நச்சு உண்டு என்பது அன்றைக்குத்தான் உறுதியானது. கோக் ஊகித்து முக்கால் நூற்றாண்டு கழித்து. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் இவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. அந்த நச்சை இப்போது துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடல் செல்லைப் பற்றிக்கொள்ளும், ஆறாவது துண்டு உள்ளே போய் செல்லின் ஒரு விசையை அணைக்க முடியாதபடி போட்டுவிடும். உப்பு வெளியே கொட்டும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். நச்சுக்கான மரபணுவைக் கொண்டுவந்தது யார்? இங்கேயும் ஃபேஜ்தான். வால்டோர், மெக்கலானோஸ் இருவரும் அதை 1996-இல் காட்டினார்கள்.

இதெல்லாம் நச்சு விடும் கிருமிகளின் கதை. வடிகட்டினால் நச்சு வடிநீரில் வந்துவிடும், பிடிப்பது சுலபம். செல்லுக்குள் நுழைகிற, ஒளிகிற, எதிர்ப்பு சக்தியிடமிருந்து தப்புகிற கிருமிகளை என்ன செய்வது? நுழைவதை எந்தக் குப்பியில் வடிகட்ட முடியும்? இங்கேதான் ஸ்டான்லி ஃபால்கோ என்ற நுண்ணுயிரியலாளர் வருகிறார். 1988-இல் அவர் கோக்கின் விதிகளைக் கிருமியிலிருந்து மரபணுவுக்கு மாற்றி எழுதினார். நம் வழக்கில் சொன்னால் மூன்று வேலை. நோய் தரும் வகையில் அந்த மரபணு இருக்கிறதா என்று பார். அதைக் கழற்றிவிட்டுக் கிருமி சாதுவாகிறதா என்று பார். பிறகு அதையே திருப்பிப் போட்டு, பழைய குணம் திரும்புகிறதா என்று பார்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், பத்திரிகைகளும் சேர்த்து. கழற்றியதும் நோய் வரவில்லை என்றால் போதாதா என்று என் பேரனும் கேட்டான். போதாது. பாக்டீரியாவின் மரபணுக்கள் பல, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். நடுவில் ஒரு பெட்டியை உடைத்தால் பின்னால் வருகிற நல்ல பெட்டிகளும் நின்றுவிடும். நின்றதற்குக் காரணம் உடைத்த பெட்டியில் இருந்த சரக்கா, பின்னால் நின்ற பெட்டியில் இருந்ததா? திருப்பிப் போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதுவும் போக, நீங்கள் ஒன்றை உடைக்கிற நேரத்தில் கிருமி தானாகவே வேறொன்றைத் தொலைத்திருக்கலாம்.

இந்தத் தொலைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இனி ஷிகெல்லா.

ஷிகெல்லா சீதபேதிக் கிருமி, ரத்தமும் சளியுமாகப் போக வைப்பது. 1890-களின் கடைசியில் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டது. குலம் பார்த்தால் இதுவும் ஈ.கோலியின் பங்காளிதான், பெயர் மட்டும் பிரிந்து நிற்கிறது. பத்திலிருந்து நூறு கிருமி வயிற்றுக்குள் போனால் போதும், படுக்க வைத்துவிடும். அதனால் ஷிகெல்லா மேசையில் இருக்கும் நாளில் எங்கள் அறையில் யாரும் பேனா மூடியைக் கடிக்க மாட்டார்கள். இதன் ஆயுதங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. பிளாஸ்மிட் என்றால் முதன்மை டி.என்.ஏ-வுக்கு வெளியே தனி வளையமாக இருக்கும் டி.என்.ஏ. ஊசி மாதிரி ஒரு கருவியைக் கட்டி, குடல் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி, செல் தானே கதவைத் திறந்து கிருமியை வாங்கிக்கொள்ளும்படி செய்வதற்கான மரபணுக்கள் அதில் இருக்கின்றன.

இந்தப் பிளாஸ்மிட் கிருமிக்கு நோயாளியின் குடலில் பொக்கிஷம், எங்கள் அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில், வெறும் பாரம். தட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, யாரையும் குத்த வேண்டியதில்லை. தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் சில கிருமிகள் பிளாஸ்மிட்டை உதறிவிடும். உதறியவை இலகுவாகி, மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். அதனால்தான் நல்ல மூலக் கிருமியைக் கிளிசராலில் போட்டு மைனஸ் 70-க்குக் கீழே உறைய வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்து புதிதாகக் கீறி எடுப்போம்.

யார் உதறினார், யார் வைத்திருக்கிறார் என்று பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. காங்கோ சிவப்பு என்ற சாயத்தை அகாரில் கலந்து தட்டு ஊற்ற வேண்டும். பிளாஸ்மிட் உள்ள காலனி, அதாவது ஒரே கிருமியிலிருந்து பெருகிய கூட்டம், சாயத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பாக, குங்குமப் பொட்டு மாதிரி வரும். தொலைத்த காலனி வெள்ளையாக நிற்கும். ஆயிரக்கணக்கில் அந்தத் தட்டுகளை ஊற்றியிருக்கிறேன். சாயம் ஒரு சிட்டிகை கூடினாலும் எல்லாமே சிவப்பாகத் தெரியும், குறைந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். என் விரல் நகம் வருடக்கணக்கில் இளஞ்சிவப்பு.

ஓர் ஆராய்ச்சி மாணவர் ஷிகெல்லாவின் மரபணுக்களைக் கண்டபடி உடைத்து, எது வெள்ளையாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வெள்ளையானால் ஆயுதம் போனது, போனது எது என்று பிறகு பார்க்கலாம் என்பது திட்டம். ஒரு திங்கட்கிழமை காலை, தட்டுகளைச் சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தவர் கத்தியே விட்டார். "அக்கா, அத்தனையும் வெள்ளை!" தட்டு தட்டாக, ஒரு சிவப்புக்கூட இல்லை. பெரிய மரபணு ஒன்று மாட்டிவிட்டது என்று அவருக்குக் கை நடுங்கியது. நான் அடித்தட்டில் இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அது உடைக்காத மூலக் கிருமி, ஒப்பிடுவதற்காக வைத்தது. "தம்பி, தாயும் வெள்ளையாத்தானே இருக்கு" என்றேன். அவர் பேச்சு நின்றது. பிறகுதான் உள்ளே இருந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்தோம். 37-இல் நிற்க வேண்டியது 30-இல் நின்றது. வெள்ளிக்கிழமை இரவே எப்போதோ கருவி கெட்டிருக்க வேண்டும். வார இறுதிக்கு முன் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டிருந்தேன், பார்க்காமல்.

அவர் என்னைத் திட்டவில்லை. நூலகத்துக்குப் போய், 1984-இல் மாரெல்லி என்பவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையின் படியை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். ஷிகெல்லா 37 டிகிரியில் ஆயுதம் எடுக்கும், 30 டிகிரியில் கீழே வைத்துவிடும், திரும்ப 37-க்குக் கொண்டுபோனால் மறுபடி எடுக்கும். மனித உடம்பின் சூடுதான் அதற்கு, உள்ளே வந்துவிட்டோம் என்ற அறிகுறி. வெளியே கிடக்கும்போது ஊசிகளைக் கட்டிச் சக்தியை வீணாக்குவதில்லை. எங்கள் வெள்ளைத் தட்டுகளிலிருந்து மூலக் கிருமியைப் புதுத் தட்டில் கீறி 37-இல் வைத்தோம். மறுநாள் சிவந்திருந்தது. பிளாஸ்மிட் எங்கேயும் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது.

என் கவனக்குறைவு ஒரு வாரத்தைத் தின்றது. ஆனால் 'நோயுண்டாக்கும் மரபணு கிருமியிடம் இருக்கிறது' என்பதும் 'அது இப்போது வேலை செய்கிறது' என்பதும் வேறு வேறு என்று எனக்குப் புரிந்தது அந்த வாரத்தில்தான். எந்தச் சூட்டில், எந்த அமிலத்தில், இரும்புச் சத்து எவ்வளவு இருக்கும்போது சோதித்தார்கள் என்பதைச் சொல்லாத செய்தி எனக்கு அரைச் செய்திதான். அடைப்பான் கிருமி இரும்பு குறைந்தால்தான் நச்சைத் தயாரிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷிகெல்லாவில் இன்னொன்று, இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஒரு கிருமி ஷிகெல்லாவா, ஈ.கோலியா என்று அடையாளம் காண எங்களிடம் லைசின் குழாய் என்று ஒன்று உண்டு. லைசின் ஓர் அமினோ அமிலம். ஊதா நிறத் திரவம், மேலே எண்ணெய் விட்டு மூடிவைப்போம். பெரும்பாலான ஈ.கோலி வகைகள் முதலில் அதை மஞ்சளாக்கி, பிறகு லைசினை உடைத்து மறுபடி ஊதாவாக்கும். ஷிகெல்லா மஞ்சளோடு நின்றுவிடும். 'லைசின் நெகட்டிவ்' என்று பதிவேட்டில் எழுதுவேன். எத்தனை ஆயிரம் முறை எழுதினேனோ! ஏன் நெகட்டிவ் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 1998-இல் அதே மாரெல்லி குழு, ஷிகெல்லா தொலைத்த அந்த லைசின் மரபணுவை எடுத்து அதற்கே திருப்பிக் கொடுத்தது. கிருமியின் வீரியம் குறைந்துவிட்டது. லைசினை உடைக்கும்போது வரும் கழிவுப்பொருள் ஷிகெல்லாவின் நச்சையே மட்டுப்படுத்துகிறது. ஆக, ஷிகெல்லா நோய்க்கிருமியானதற்கு அது சம்பாதித்த பிளாஸ்மிட் மட்டும் காரணமில்லை, தூக்கி எறிந்த மரபணுவும் காரணம். இல்லாத ஒன்றை 'மரபணு சிக்கியது' என்று எப்படித் தலைப்புப் போடுவீர்கள்? நான் வருடக்கணக்கில் மஞ்சள் குழாயைப் பார்த்து 'நெகட்டிவ்' என்று எழுதியபோது, நோயின் ஒரு பகுதி கையிலேயே இருந்திருக்கிறது.

எதை உடைப்பது என்று தெரியாதபோது என்ன செய்வார்கள் என்று பையன் விடவில்லை. அதற்கு 1995-இல் லண்டனில் டேவிட் ஹோல்டனின் குழு செய்ததைச் சொன்னேன். சால்மொனெல்லா என்ற குடல் கிருமியில் கண்டபடி மரபணுக்களை உடைத்தார்கள். ஆனால் உடைந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டி.என்.ஏ அடையாளச் சீட்டு கட்டிவிட்டார்கள். 96 வகைகளை ஒன்றாகக் கலந்து ஓர் எலிக்குள் செலுத்தி, சில நாள் கழித்து எலியின் மண்ணீரலிலிருந்து உயிரோடிருப்பவற்றை எடுத்து, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி சீட்டுகளைப் படித்தார்கள். உள்ளே போனபோது இருந்து, வெளியே வந்தபோது காணாமல் போனவர் யாரோ, அவரிடம் உடைந்திருந்த மரபணுதான் உடம்புக்குள் பிழைக்கத் தேவையானது. 'ஆப்சென்ட் ஆனவனைத்தான் பிடிக்கணும்' என்று பேரன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் தனி எலி என்றால் எத்தனை எலி செத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்போது டி.என்.ஏ-வை நேரடியாகப் படிக்கும் கருவிகளால் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான வகைகளுக்கு இதே வருகைப் பதிவை எடுக்கிறார்கள்.

விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. விலங்குப் பிரிவுக்கு என்னை மாற்றச் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். ஷிகெல்லாவின் வீரியத்தைப் பார்க்க அந்தக் காலத்தில் கினிப்பன்றியின் கண்ணில் கிருமியை விட்டுக் கண் சிவந்து சீழ் கட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதை ஒருமுறை பார்த்ததே எனக்குப் போதும். இப்போது தட்டில் வளர்க்கும் மனித செல்கள், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த குட்டிக் குடல்கள் என்று வந்துவிட்டன. பல பத்தாண்டுகள் எதிலும் வளர மறுத்த நோரோ வைரஸ் 2016-இல் அப்படிப்பட்ட குட்டிக் குடலில் வளர்ந்தது. அதற்காக விலங்குச் சோதனை அறவே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. டேயின் முயல் இல்லாமல் காலரா புரிந்திருக்காது.

எந்த விலங்கு என்பதும் முக்கியம். டைபாய்டு கிருமி மனிதனைத் தவிர வேறு உயிரைச் சீண்டுவதில்லை. எலியில் டைபாய்டு படிக்கிறோம் என்றால் அதன் நெருங்கிய உறவுக் கிருமியைப் படிக்கிறோம் என்று பொருள். மனிதர்களிலேயே ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை. மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண் டைபாய்டைச் சுமந்து பலருக்குப் பரப்பியும் தான் நோயாளி என்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை, அவர் உணர்ந்த அளவில் அது உண்மையும்கூட. மொத்தம் 26 வருடம் தனிமையில் அடைத்து வைத்தார்கள். 1892-இல் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற பெரியவர், கிருமி மட்டுமே காலராவைத் தராது என்று நிரூபிக்க, எழுபத்து மூன்று வயதில் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் குடித்தார். கொஞ்சம் வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். அவர் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. கிருமி, அதன் அளவு, யார் உடம்பு, அந்த உடம்பின் அன்றைய நிலை, நான்கும் சேர்ந்தால்தான் நோய். நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறது. அறுவைக் காயத்தில் புகுந்தால் அதே கிருமி ஆளைச் சாய்க்கும்.

ஆகவே ஐயா, என் கோரிக்கை சின்னதுதான். இனி 'மரபணு சிக்கியது' என்று செய்தி வந்தால், உங்கள் நிருபர் அந்த ஆய்வாளரிடம் நான்கு கேள்வி கேட்கட்டும்: எந்த வகைக் கிருமி, எந்த உயிரில் அல்லது செல்லில் பார்த்தீர்கள், எத்தனை கிருமி கொடுத்தீர்கள், மரபணுவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆய்வாளர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, போட்டுப் பார்த்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மலர்ந்துவிடுவார். அந்த மாணவரின் முதல் உண்மையான வெள்ளைக் காலனிக்கு மரபணுவைத் திருப்பிக் கொடுத்து, மறுநாள் அது குங்குமமாகச் சிவந்திருந்ததைப் பார்த்தபோது அவர் முகம் இருந்ததே, அது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். இன்குபேட்டர் பதிவேட்டில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை என் பழைய துறைத் தலைவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அவர் உங்கள் பத்திரிகையின் சந்தாதாரர்.

பேரன் சார்பில் ஒரு திருத்தம்: நீங்கள் போட்ட படத்தில் கிருமிக்குக் கோரைப் பல்லும் இரண்டு சிவப்புக் கண்ணும் வரைந்திருந்தது. ஈ.கோலிக்கு இரண்டும் கிடையாது. வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இழைகளை மட்டும் ஓவியர் சரியாகப் போட்டிருக்கிறார் என்று சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர், தங்கள் நெடுநாள் வாசகி